இரண்டு நீலப் பலகைகளின் நீண்ட ஆயுள்

கணினி வரலாறு எண்டு எங்களுக்குச் சொல்லித் தரப்படுவது அநேகமாக ஒரே கதைதான். முதலில் கறுப்புத் திரை, அதில் கட்டளைகளைத் தட்ட வேண்டும். பிறகு சுட்டியும் சாளரங்களும் வந்தன. அதற்குப் பிறகு தொடுதிரை. எழுத்துத் திரை என்பது கணினியின் சின்னப்பிள்ளைப் பருவம், படங்கள் வந்ததுதான் வளர்ச்சி எண்டு கதை முடிந்துவிடும்.

இந்தக் கதைக்குள் அடங்காத ஒரு சாமான் இருக்கு. நீல நிறத் திரை. நடுவில் பிரித்து இரண்டு பலகைகள், இரட்டைக் கோட்டால் கட்டம். ஒவ்வொரு பலகையிலும் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக. கீழே பத்து விசைகளின் பெயர்கள். ஒரு படமும் இல்லை, முழுக்க முழுக்க எழுத்து. 1986 இல் விற்பனைக்கு வந்த இந்த வடிவம் இன்றைக்கும் உயிரோடிருக்கு. அதைப் பிறப்பித்த நிறுவனமே அதைக் கைவிட்ட பிறகு, வேறு வேறு நாடுகளில், வேறு வேறு ஆட்கள் அதைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஏன் எழுதினார்கள், அதில் எங்களுக்கு என்ன இருக்கு என்பதுதான் இந்தக் கட்டுரை.

அடைவு வந்தபோது வந்த தலையிடி

1981 ஓகஸ்டில் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதற்கு ஃபைல் மனேஜர் எண்டு ஒன்று தேவைப்படவே இல்லை. அதன் நெகிழ்வட்டு ஒன்று 160 கிலோபைட்தான் கொள்ளும். டொஸ்ஸின் முதற் பதிப்பில் அடைவுக்குள் அடைவு என்ற கதையே கிடையாது. ஒரு வட்டில் ஆகக் கூடியது 64 கோப்புகளுக்குத்தான் இடம். பட்டியலைக் கேட்டால் மூன்று திரைக்குள் முடிந்துவிடும். வட்டின் மேல் ஒட்டிய லேபிள்தான் கோப்புறை, வட்டுகளை அடுக்கிய பெட்டிதான் ஃபைல் மனேஜர்.

1983 மார்ச்சில் இது மாறியது. பிசி எக்ஸ்டி 10 மெகாபைட் வன்தட்டோடு வந்தது. அதோடு வந்த டொஸ் 2.0 யுனிக்ஸிடமிருந்து அடைவு மரத்தை இரவல் வாங்கியது. 10 மெகாபைட் இப்ப ஒரு வட்ஸ்அப் வீடியோவுக்கும் காணாது. ஆனால் அன்றைக்கு அது அறுபதுக்கு மேற்பட்ட நெகிழ்வட்டுகளின் கொள்ளளவு. அவ்வளவையும் ஒரே இடத்தில் கொட்டினால் எதை எங்கே தேடுவது? அதற்குத்தான் அடைவுகள். ஆனால் அடைவு வந்தவுடன் வேறொரு சிக்கலும் வந்தது. ஒரு கோப்பைக் கொப்பி பண்ண வேண்டுமென்றால், அது இருக்கும் இடத்தின் முழுப் பாதையையும், போகவேண்டிய இடத்தின் முழுப் பாதையையும் பிழையில்லாமல் தட்ட வேண்டும். இரண்டு முகவரியும் உங்கட தலைக்குள் இருக்க வேண்டும், திரை ஒன்றையும் காட்டாது.

இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. போகிற இடத்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால், டொஸ்ஸின் கொப்பிக் கட்டளை ஒன்றும் கேட்காமல் அதன் மேலேயே எழுதிவிடும். "மேலெழுதவா?" எண்டு கேட்கும் பழக்கம் 1993 இல் வந்த எம்எஸ்-டொஸ் 6.2 இல்தான் அதற்கு வந்தது. அதாவது பத்து வருஷத்துக்கு மேலாக, ஒரு பெயரை ஞாபகப் பிசகாகத் தட்டினால் ஒரு மாத வேலை சத்தமில்லாமல் போய்விடும் நிலை. கண்ணால் பார்த்துக் கொப்பி பண்ண வேண்டும் என்ற ஆசை இந்தப் பயத்திலிருந்துதான் பிறந்தது.

ஆசைக்கு முன்னோடிகள் இருந்தார்கள். ஸ்டான்ஃபோர்ட் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில் 1974 அளவில் ஸ்டான் குகெல் என்பவர் 'டயர்ட்' எண்டு ஒரு செயலியை எழுதினார். பெயர் 'டிரெக்டரி எடிட்டர்' என்பதன் சுருக்கம். அடைவின் பட்டியலை ஒரு கட்டுரையைப் போலத் திறந்து, வரிவரியாகப் போய், இது வேண்டாம், இது வேண்டும் எண்டு குறிக்கலாம். அதன் வழித்தோன்றல் இன்றும் ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பிக்குள் இருக்கு. பிசி உலகில் 1985 ஏப்ரலில் எக்ஸ்-ட்ரீ வந்தது. அது வன்தட்டு முழுவதையும் ஒரு மரமாக வரைந்து காட்டியது. டொஸ் பாவித்தவர்கள் தங்கட வன்தட்டைக் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருந்தது.

இரண்டு பலகை ஏன்?

ஜோன் சோச்சா கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பிரயோக பௌதிகம் படித்துக்கொண்டிருந்த பட்டமேற்படிப்பு மாணவர். 1984 இன் இலையுதிர் காலத்தில் தன்னுடைய தேவைக்காக ஒரு செயலியை எழுதத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் 'விடொஸ்', கண்ணுக்குத் தெரியும் டொஸ். பிறகு அவர் பீற்றர் நோர்ட்டனின் நிறுவனத்தில் சேர, 1986 இல் அது 'நோர்ட்டன் கொமாண்டர்' என்ற பெயரில் வெளிவந்தது.

சோச்சாவின் வடிவத்தில் ஒரு எளிய தர்க்கம் இருக்கு. கோப்புகளோடு நாங்கள் செய்யும் பெரும்பாலான வேலைகளுக்கு இரண்டு இடங்கள் வேண்டும். கொப்பி பண்ணுவதற்கு ஒரு 'இங்கே', ஒரு 'அங்கே'. நகர்த்துவதற்கும் அப்படித்தான். ஒப்பிடுவதற்கும் அப்படித்தான். ஆகவே இரண்டையும் ஒரே நேரத்தில் திரையில் வை. இடப் பலகையில் நிற்கிறேன் என்றால் வலப் பலகைதான் போகும் இடம். எஃப் 5 ஐ அழுத்தினால் கொப்பி. பாதை தட்டத் தேவையில்லை. போகிற இடத்தில் அதே பெயரில் என்ன கிடக்கு எண்டு முதலே கண்ணுக்குத் தெரியும். டாப் விசையை அழுத்தினால் மற்றப் பலகைக்குப் போகலாம்.

மற்ற விசைகளும் இப்படியே: எஃப் 3 பார்க்க, எஃப் 4 திருத்த, எஃப் 6 பெயர் மாற்ற அல்லது நகர்த்த, எஃப் 7 புது அடைவு, எஃப் 8 அழிக்க, எஃப் 10 வெளியேற. ஏன் எஃப் 10 இல் முடிந்தது? முதல் ஐபிஎம் பிசி விசைப்பலகையில் பத்துச் செயல் விசைகள்தான் இருந்தன, அதுவும் இடப்பக்கத்தில் இரண்டு நிரலாக. எஃப் 11, எஃப் 12 பிறகு வந்தவை. 1981 இன் ஒரு விசைப்பலகை போட்ட எல்லை இன்றைய மடிக்கணினித் திரையின் அடிவரியிலும் அப்படியே நிற்கிறது.

இன்னொரு முடிவுதான் எங்கள் பார்வையில் ஆகப் பெரியது. பலகைகளுக்குக் கீழே கட்டளை வரியை அவர் அகற்றவில்லை. பலகையில் உலாவிக்கொண்டே கட்டளை தட்டலாம். கொன்ட்ரோல்-ஓ அழுத்தினால் பலகைகள் மறைந்து பின்னாலிருக்கும் வெறுந்திரை தெரியும், திரும்ப அழுத்தினால் வந்துவிடும். அதே காலத்தில் அப்பிளின் மக்கின்டோஷ் "கட்டளை எண்டு ஒன்று இருக்கிறதே உங்களுக்குத் தெரிய வேண்டாம்" எண்டு சொன்னது. நோர்ட்டன் கொமாண்டர் "தெரிந்தால் பாவியுங்கோ, தெரியாவிட்டால் அம்புக்குறி இருக்கு" எண்டது. புதிதாக வந்தவரும் பழுத்தவரும் ஒரே திரையில் வேலை செய்யலாம். புதியவர் மெல்ல மெல்லப் பழுத்தவராகவும் மாறலாம்.

விற்றவர் விட்டார், வாங்காதவர் பிடித்தார்

அமெரிக்காவில் இதன் வணிக வாழ்க்கை கனகாலம் நிலைக்கவில்லை. 1990 இல் பீற்றர் நோர்ட்டனின் நிறுவனத்தை சைமன்டெக் வாங்கியது. அதே வருஷம் விண்டோஸ் 3.0 வந்தது. 1995 இல் விண்டோஸ் 95 எக்ஸ்புளோரரைக் கொண்டுவந்தது. 1998 இன் 5.5 ஆம் பதிப்போடு டொஸ்ஸுக்கான நோர்ட்டன் கொமாண்டர் நின்றுபோனது. பாடப்புத்தகக் கதைப்படி இங்கே முற்றுப்புள்ளி.

ஆனால் சோவியத் ஒன்றியம் உடைந்துகொண்டிருந்த நாடுகளில் வேறு கதை நடந்தது. அங்கே பிசிகள் வந்தது பிந்தி, அதுவும் பழையவை, நினைவகம் குறைந்தவை. மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கும் வழியும் பெரிதாக இல்லை. நெகிழ்வட்டிலிருந்து நெகிழ்வட்டுக்குக் கொப்பி பண்ணித்தான் பரவியது. அந்த வட்டில் முதலில் இருக்க வேண்டிய சாமானாக நீலப் பலகை ஆனது. கொப்பி பண்ணுவதற்கான செயலியே கொப்பியால் பரவியது எண்டும் சொல்லலாம். கனபேருக்கு கணினியைத் திறந்தால் முதலில் தெரியும் முகமே அதுதான்.

பிறகு அவர்கள் கொப்பி பண்ணுவதோடு நிற்கவில்லை, தாங்களே எழுதத் தொடங்கினார்கள். உக்ரைனில் வெசெவலோட் வோல்கோவ் என்பவர் வோல்கோவ் கொமாண்டரை அசெம்பிளி மொழியில் எழுதினார். முழுச் செயலியும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கும் ஒரே கோப்பு. அந்தக் காலத்துச் சின்ன நெகிழ்வட்டில்கூட அதைப் போட்டுவிட்டு மிச்ச இடத்தை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். மோல்டோவாவின் சிசினாவில் ரிட்லாப்ஸ் குழு டொஸ் நெவிகேட்டரைச் செய்தது. அது எதிர்த்திசையில் போனது: விரிதாள், டெட்ரிஸ் விளையாட்டு எண்டு எல்லாவற்றையும் உள்ளே வைத்தது. ரஷ்யாவில் யூஜின் ரோஷால் 1996 இல் ஃபார் மனேஜரை வெளியிட்டார். 'ரார்' கோப்புச் சுருக்கத்தை உருவாக்கியவரும் இவர்தான். ரார் என்பதில் முதல் எழுத்து அவருடைய பெயர். விண்டோஸுக்குள்ளேயே எழுத்துத் திரையாக ஓடும் ஃபார், 2007 இல் திறந்த மூலமாகவும் ஆனது. சுவிற்சர்லாந்தில் கிறிஸ்டியன் கிஸ்லர் 1993 இல் இதே இரண்டு பலகையை விண்டோஸின் சாளரத்துக்குள் கொண்டுவந்தார். விண்டோஸ் கொமாண்டர் எண்டு பெயர் வைத்திருந்தார். வர்த்தகக் குறிப் பிரச்சினையால் 2002 இல் அது டோட்டல் கொமாண்டர் ஆனது.

இவ்வளவிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்லாவற்றிலும் எஃப் 5 கொப்பிதான், எஃப் 8 அழிப்புத்தான். ஒரு நிறுவனம் விற்பதை நிறுத்திய பிறகு அந்த விசை வரிசை யாருக்கும் சொந்தமில்லாத பொது எழுத்துப்போல ஆகிவிட்டது. கீவில் பழகியவர் சிசினாவில் அமர்ந்தாலும் விரல் தடுமாறாது. தொழில்நுட்ப வரலாறு கலிபோர்னியாவில் எழுதப்படுகிறது, மற்றவர்கள் பாவிப்பவர்கள் மட்டும்தான் என்ற நினைப்பை இந்த உதாரணம் நன்றாகவே அசைக்கிறது. வசதி குறைந்த மூலைகளில் இருந்தவர்கள்தான் இந்த வடிவத்தை வைத்திருந்தார்கள், திருத்தினார்கள், திருப்பி உலகத்துக்குத் தந்தார்கள்.

நள்ளிரவுக் கொமாண்டர்

1994 இல் மெக்சிகோவில் மிகுவேல் டி இகாசா என்ற இளைஞர் இதே பலகைகளை யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்காக எழுதினார். பெயர் 'மிட்நைட் கொமாண்டர்'. சுருக்கமாக எம்சி, லினக்ஸ் டேர்மினலில் அந்த இரண்டு எழுத்தையும் தட்டினால் போதும், திறந்துவிடும். இது க்னூ திட்டத்தின் பகுதி, ஆகவே ஆரம்பத்திலிருந்தே சுதந்திர மென்பொருள்.

யுனிக்ஸுக்கு வந்தபோது இந்த வடிவத்துக்கு ஒரு புதுப் பலம் கிடைத்தது. டொஸ் கணினி உங்கட மேசையில் இருந்தது. யுனிக்ஸ் கணினி எங்கேயோ தூரத்தில் இருக்கும். மெல்லிய கம்பி ஒன்றின் வழியாக எழுத்து மட்டும்தான் போய் வரும். படங்கள் போக முடியாத இடத்துக்கு எழுத்துப் பலகை போகும். எம்சியில் இடப் பலகை உங்கட மடிக்கணினியாகவும் வலப் பலகை வேறொரு நாட்டின் சேர்வராகவும் இருக்கலாம். சுருக்கப்பட்ட ஒரு கோப்பின் மேல் என்டர் அடித்தால், அதை விரிக்காமலே ஒரு அடைவைப்போல உள்ளே போய்ப் பார்க்கலாம். பாவிப்பவருக்கு எல்லாமே 'இங்கே – அங்கே' தான்.

டி இகாசா 1997 இல் பெடரிக்கோ மேனாவோடு சேர்ந்து க்னோம் என்ற வரைகலை மேசைத்தளத்தைத் தொடங்கினார். க்னோமின் முதல் ஃபைல் மனேஜர் எம்சியின் மேலேயே கட்டப்பட்டது. 2001 இல் நோட்டிலஸ் வந்து அதை வெளியேற்றியது. வரைகலைப் பிள்ளையை இன்று யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை, எழுத்தாலான தாய் இன்னும் வேலைக்குப் போகிறாள். படம் வந்தால் எழுத்து சாகும் என்ற வரிசை இங்கே நேரெதிராக நடந்திருக்கு.

எம்சிக்குப் பக்கத்திலேயே இன்னொரு வம்சமும் வளர்ந்தது. ரேஞ்சர், விஐஎஃப்எம், என்என்என், எல்எஃப், யாசி எண்டு வரும் செயலிகள் நோர்ட்டனின் விசைகளை எடுக்கவில்லை. அவை 1976 இல் பேர்க்லியில் பில் ஜோய் எழுதிய 'விஐ' உரைத்தொகுப்பியின் விசைகளை எடுத்தன. அம்புக்குறிக்குப் பதிலாக எச், ஜே, கே, எல். அது ஏன் அந்த நாலு எழுத்து எண்டால், ஜோய் பாவித்த ஏடிஎம்-3ஏ டேர்மினலில் அந்த விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. ரேஞ்சரில் மூன்று நிரல்: இடப்பக்கம் தாய் அடைவு, நடுவில் நீங்கள் நிற்கும் அடைவு, வலப்பக்கம் தெரிவுசெய்த கோப்பின் முன்னோட்டம். நூறு கோப்புகளின் பெயரை மாற்ற வேண்டுமா? அவற்றின் பெயர்களை உரைத்தொகுப்பியில் ஒரு பட்டியலாகத் திறந்து தரும். கட்டுரை திருத்துவதுபோலத் திருத்திச் சேமித்தால் எல்லாப் பெயரும் மாறிவிடும். 1974 இன் டயர்ட் சொன்ன அதே விஷயம்: கோப்புப் பட்டியலும் ஒரு பிரதிதான்.

கட்டத்துக்குள் அடங்காத கொழும்பு

இனி எங்கட பக்கம். இந்தச் செயலிகள் எல்லாம் ஒரே தளத்தின் மேல் நிற்கின்றன: திரை என்பது சம அளவுக் கட்டங்களின் வலை. டொஸ் காலத்தில் ஒரு வரிக்கு 80 கட்டம், மொத்தம் 25 வரி. ஒரு எழுத்துக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். ஆங்கிலத்துக்கு இது சரி. ரஷ்ய எழுத்துக்கும் சரி. அவர்கள் பாவித்த 866 ஆம் இலக்கக் குறியீட்டுத் தொகுதியைப் பாருங்கள்: ஐபிஎம்மின் 437 ஆம் தொகுதியில் கட்டம் வரையும் கோடுகள் எந்த எந்த இலக்கத்தில் இருந்தனவோ, அந்த இடங்களைத் தொடாமல் மிச்ச இடங்களில் ரஷ்ய எழுத்துகளை வைத்தார்கள். அதனால் நீலப் பலகையின் இரட்டைக் கோடு உடையவில்லை, பெயர்களும் தாய்மொழியில் வந்தன.

தமிழ் அந்த வழியால் போகவில்லை. எங்கட ஆட்கள் எழுத்துருவின் வழியால் போனார்கள். இலங்கையில் பாமினிதான் கனகாலம் அரசாண்டது. பாமினியில் கணினிக்குத் தெரிவது ஆங்கில எழுத்துகள். திரையில் அதன் மேல் தமிழ் உருவம் போர்த்தப்படுகிறது, அவ்வளவே. பாமினியில் புள்ளிக்கு உரியது அரைப்புள்ளி விசை. யாராவது பாமினியில் தட்டிய சொல்லை அப்படியே கோப்புப் பெயராக வைத்தால், யுனிக்ஸ் கட்டளை வரியில் அந்த அரைப்புள்ளிக்கு "இந்தக் கட்டளை முடிந்தது, அடுத்தது தொடங்குகிறது" என்பதுதான் அர்த்தம். 'அம்மா' என்ற பெயர் நடுவில் வெட்டுப்படும். இப்படியான பெயர்களைத் தட்டாமல், பலகையில் அம்புக்குறியால் தொட்டுத் தெரிவுசெய்வதே பத்திரமான வழி.

இப்ப எல்லாம் யுனிகோட். சிக்கல் தீரவில்லை, இடம் மாறியிருக்கு. 'கொழும்பு' என்ற சொல்லை எடுப்போம். எங்களுக்கு அது நாலு எழுத்து. யுனிகோடுக்கு அது எட்டுக் குறியீடுகள். யுடிஎஃப்-8 இல் 24 பைட். டேர்மினலுக்கு எத்தனை கட்டம்? அதில்தான் பிரச்சினை. யுனிகோட் அட்டவணையில் இகரக் குறி இடம் பிடிக்கும் குறியாகவும், ஈகாரக் குறி இடம் பிடிக்காத குறியாகவும் வகைப்படுத்தப்பட்டிருக்கு. அந்த வகைப்பாட்டை வைத்துக் கட்டத்தை எண்ணும் செயலி 'கி' க்கு இரண்டு, 'கீ' க்கு ஒன்று எண்டு கணக்குப் போடும். டேர்மினல் ஒரு மாதிரி எண்ண, ஃபைல் மனேஜர் வேறு மாதிரி எண்ண, வலப்பக்கக் கோடு வரிக்கு வரி உள்ளே போய் வெளியே வரும். ஒகரக் கொம்பு எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டியது. கட்டம் கட்டமாக வரையும் டேர்மினலில் அது பிய்ந்து கிடக்கும்.

இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். தெரியாதவை இன்னும் மோசம். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் எண்டு இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்க்க ஒன்றுதான். ஆனால் லினக்ஸ் வழமையாகக் கோப்புப் பெயரை வெறும் பைட்டுகளாகத்தான் பார்க்கும். ஆகவே ஒரே அடைவில் அச்சொட்டாக ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள் கிடக்கலாம், ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. பெயரின் நீளத்துக்கும் எல்லை 255 பைட். ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியீடு மட்டும். பழைய சஞ்சிகைகளை ஸ்கான் பண்ணி, தலைப்பு, ஆசிரியர், இதழ் எண் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதி வைக்கிறவர்களுக்கு இந்த எல்லை விளையாட்டு இல்லை. எரிந்தும் தொலைந்தும் மிஞ்சிய பிரதிகளை டிஜிட்டலாக்கி வைக்கும் ஒரு சமூகத்தில், கோப்பின் பெயர் என்பதுதான் நூலகத்தின் அட்டவணை. பெயர் பிழைத்தால் பிரதி இருந்தும் இல்லாததுதான்.

இன்றைக்கு எதுக்கு?

தொலைபேசியில் வளர்ந்த எங்கட தலைமுறைக்குக் கோப்பு எங்கே இருக்கு என்ற கேள்வியே அரிதாகத்தான் வருகிறது. படம் 'கலரி'யில் இருக்கு, ஆவணம் 'ட்ரைவ்'வில் இருக்கு. எந்த அடைவு, எந்த நாட்டுச் சேர்வர் எண்டு செயலி சொல்லாது, நாங்களும் கேட்பதில்லை. கணக்குப் பூட்டப்பட்டால்தான் கேள்வி வரும், அப்போது பதில் சொல்ல ஆள் இருக்காது. இரண்டு பலகைகள் உங்களை ஒவ்வொரு முறையும் இடத்தைப் பார்க்க வைக்கின்றன. எங்கிருந்து, எங்கே. தன்னுடைய சாமான் எங்கே கிடக்கு எண்டு தெரிந்திருப்பது உடைமையின் முதற் படி எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

காசுக் கணக்கும் இருக்கு. 2022 இல் ரூபா விழுந்த பிறகு புது மடிக்கணினி என்பது கனபேருக்கு எட்டாக்கனி. பத்து வருஷப் பழைய இயந்திரத்தில் லினக்ஸைப் போட்டு ஓட்டுபவர்கள் எங்கட வட்டத்திலேயே இருக்கிறார்கள். அதில் எம்சி கண் சிமிட்டுவதற்குள் திறக்கும்.

இதற்காக எல்லோரும் கறுப்புத் திரைக்குத் திரும்ப வேண்டும் எண்டு சொல்லவில்லை. ஆயிரம் புகைப்படங்களில் ஒன்றைத் தேடிப் பிடிக்க எழுத்துப் பலகை உதவாது, சின்னச் சின்னப் படங்களாகக் காட்டும் செயலிதான் வேண்டும். இன்னொன்று, எம்சியில் எஃப் 8 என்பது உண்மையான அழிப்பு. ஒரு முறை "நிச்சயமா?" எண்டு கேட்கும், அவ்வளவுதான். குப்பைத்தொட்டியில் போய்த் தேட முடியாது. பழகும்போது கொப்பி எடுத்து வைத்த ஒரு அடைவில் பழகுங்கள்.

பழகினால் ஒரு வேலை செய்யலாம். 'கொழும்பு', 'கீரிமலை', 'மட்டக்களப்பு' எண்டு மூன்று வெற்றுக் கோப்புகளை உருவாக்குங்கள். நீங்கள் பாவிக்கும் டேர்மினலிலும் ஃபைல் மனேஜரிலும் திறந்து பாருங்கள். எந்த வரியில் கோடு உடைகிறது, எந்த எழுத்துப் பிய்கிறது எண்டு படம் பிடித்து, அந்தச் செயலியை எழுதுபவர்களுக்கு அனுப்புங்கள். எம்சி பல வருஷங்களாக யுடிஎஃப்-8 ஐச் சரியாகக் கையாளவில்லை. 2009 அளவில் 4.7 பதிப்பு வரிசையில்தான் அது ஒழுங்காக உள்ளே வந்தது. அது தானாக நடக்கவில்லை. தங்கட மொழி உடைவதைப் பார்த்தவர்கள் முறைப்பாடு செய்தார்கள், சிலர் நிரலையே திருத்தினார்கள். தமிழ் உடைவதைத் தமிழ் வாசிக்கத் தெரியாத ஒரு நிரலாளரால் கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு அது வடிவான கோலமாகக்கூடத் தெரியலாம்.